அவஸ்தை மணியைத் தொடாதீர்கள்

சாகக் கிடக்கும் மாமியாருக்குக் கடைசி ஜெபம் சொல்லி எண்ணெய் பூச ஒரு சாமியார் வேண்டும் என்று கேட்டுப் போன லிஃப்ட் மெக்கானிக்கின் சட்டையில், வட்டமான ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். அதில் 15 என்று அச்சிட்டிருந்தது.

அன்று சனிக்கிழமை. மருத்துவர் காலையிலேயே வந்து பார்த்துவிட்டு, அறைக்கு வெளியே நின்று, உள்ளே கேட்கிற குரலில், இரவு தாண்டுவது கடினம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாமியாருக்கு உடம்பில் மற்றதெல்லாம் கைவிட்டாலும் காது கைவிடவில்லை. "சாமியாரக் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார் மகளிடம். மருமகன் அதே அறையில்தான் நின்றுகொண்டிருந்தார். "இருபத்திரண்டு வருஷத்துல நான் அவர்கிட்ட கேக்கற முதல் உதவி இது."

இது உண்மையல்ல. மிக்ஸியைப் பழுதுபார்த்துத் தரச் சொல்லி அவர் ஐந்து தடவை கேட்டிருக்கிறார். மெக்கானிக் அதை நினைவூட்டவில்லை. வேலைக்குக் கிளம்பிய அதே நீலச் சட்டையும் தோள்பையுமாக, இரண்டு தெரு தள்ளியிருந்த கத்தோலிக்கக் கோயிலுக்கு ஸ்கூட்டரில் போனார். பையில் ஸ்பானர்கள், கிரீஸ் டப்பா, ஓடாத லிஃப்டின் கதவில் மாட்டும் தகரப் பலகை ஒன்று. பலகையின் முனை நடக்கும்போதெல்லாம் விலாவில் குத்தியது.

கோயிலை நிர்வகிக்கும் பங்கு அலுவலகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

"நோயாளி சந்திப்பா? அது மாசத்துல முதல் வெள்ளிக்கிழமைதான். ஃபார்ம் தரட்டுமா?"

"முதல் வெள்ளிக்கு இன்னும் பதிமூணு நாள் இருக்கும்மா. இவங்க இன்னைக்கு ராத்திரி தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப இது அவசரம்."

"ஆமாம்மா."

"அவசரத்துக்கு ஃபார்ம் கிடையாது. ஃபாதர்கிட்டயே நேர்ல கேக்கணும்."

"ஃபாதர் எங்க?"

அலுவலகப் பெண் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார். முற்றத்துக்கு அந்தப் பக்கம், நாற்பது தப்படி தூரத்தில், கோயிலின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஜரிகை அங்கியின் ஒரு ஓரம் தெரிந்தது. நடுவில் சிவப்பு வெல்வெட் கயிறு கட்டியிருந்தது. மெக்கானிக் கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"சார், சார். அது வெளியேறும் வழி."

குரல் கொடுத்தவர் மரபுக் குழுவின் செயலாளர். ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். கையில் கடிகாரம், கழுத்தில் விசில், இடுப்பில் சாவிக்கொத்து.

"ஃபாதர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சார்."

"தாராளமா. ஃபாதர் பதினாலாவது ஸ்டாப். நாலு அம்பதுக்கு அங்க சேர்ந்துடுவோம்."

"அதோ நிக்கறாரே சார்."

"நிக்கறாரு. ஆனா நீங்க இன்னும் முதல் ஸ்டாப்புக்கே வரல." செயலாளர் இதை எரிச்சலின்றி, ஒரு பயணியிடம் நடைமேடை எண் சொல்வதுபோலச் சொன்னார். "குழுவுல யாருக்காச்சும் நீங்க சொந்தமா?"

"இல்ல சார்."

"சத்தியமா?"

"சத்தியமா."

செயலாளரின் முகம் மலர்ந்தது. காகிதம் சட்டையில் ஏறியது அப்போதுதான்.

விஷயம் இதுதான். இருநூற்றுப் பதினேழு வருடப் பழமையான அந்தப் பங்குக்கு, 'வாழும் மரபுப் பங்கு' என்ற பித்தளைப் பட்டயம் வழங்கலாமா என்று மறைமாவட்டம் யோசித்துக்கொண்டிருந்தது. அதற்காக மதிப்பீட்டாளர் ஒருவர் வந்திருந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்த பெண்மணி. குழுவினரின் உறவினர் அல்லாத பதினைந்து பார்வையாளர்களோடு நடைச்சுற்றுலா முழுவதையும் நடத்திக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆட்கள் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். உறவினர்களைக் கழித்தபோது பதினான்கு பேர் மிஞ்சினார்கள். இருபது நிமிடமாகச் செயலாளர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடவுள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை அனுப்பினார்.

"ஒருத்தர் குறைஞ்சாலும் மதிப்பீடு செல்லாது" என்றார் செயலாளர். "அதனால தயவுசெஞ்சு நடுவுல போயிடாதீங்க." அவர் விசிலை ஊதினார். பின்னால் இரும்புக் கதவைப் பூட்டினார்கள்.

முதல் நிறுத்தம் அடிக்கல். செயலாளர் அதன் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தக் கோயில் எப்படி வந்துச்சு? இந்த இடத்துல ஒரு குடிசை. அதுல ஒரு தச்சர் சாகக் கிடந்தாரு. சேதி கேள்விப்பட்டு ஒரு குருவானவர் மூணு நாள் நடந்தே வந்தாரு. ஆறு குறுக்க வந்துச்சு, நீந்தினாரு. வந்து எண்ணெய் பூசினாரு. தச்சர் நிம்மதியா கண்ண மூடினாரு. அந்தக் குடிசை இருந்த இடத்துலதான் இந்தக் கல். யோசிச்சுப் பாருங்க. ஒரு பங்கே ஒரு அவசர அழைப்புல பிறந்திருக்கு."

பார்வையாளர்கள் யோசித்துப் பார்த்தார்கள். மெக்கானிக் கையைத் தூக்கினார்.

"சார், எங்க வீட்லயும் அதேதான். என் மாமியாருக்கு—"

"கேள்விகள் கடைசில."

"கேள்வி இல்ல சார்."

"கருத்துகளும் கடைசிலதான்."

மதிப்பீட்டாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படிவத்தில் ஏதோ எழுதினார். மெக்கானிக் எட்டிப் பார்த்தார். 'பார்வையாளர் ஈடுபாடு: நன்று.'

கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி இருந்தது. ஒரே கல்லில் சிப்பி வடிவில் செதுக்கியது. உள்ளே ஈரம் இல்லை. ஒரு ஈரப்பதமானி மட்டும் இருந்தது. பார்வையாளர்களில் குடை வைத்திருந்த ஓர் அம்மாள் பழக்கதோஷத்தில் விரலை விட்டுவிட்டு, வெறும் விரலால் சிலுவை போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி கல்லை அரிக்குது" என்று செயலாளர் விளக்கினார். "ஆறு வருஷமா ஊத்தறதில்ல. அதுக்கப்புறம் அரிப்பு சுத்தமா நின்னுடுச்சு."

ஞானஸ்நானத் தொட்டியும் அப்படியே. குழந்தைகள் கையைக் காலை உதறி விளிம்பைத் தேய்ப்பதாக ஆய்வில் தெரியவந்திருந்தது. இப்போது ஞானஸ்நானம் வாகன நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் எவர்சில்வர் பேசினில் நடக்கிறது. பாவசங்கீர்த்தனக் கூண்டின் மரத்தில் மனிதமூச்சின் ஈரம் ஏறிக் கரையான் வந்ததால், அதற்கும் கண்ணாடிச் சட்டம் போட்டாகிவிட்டது.

"இருநூறு வருஷமா இந்த ஊர்ப் பாவம் பூரா இந்தக் கம்பி வலை வழியாத்தான் போயிருக்கு" என்றார் செயலாளர், கண்ணாடியை விரலால் தட்டி. "இப்ப ஒரு பாவம்கூட உள்ள போக முடியாது. காத்துப் புகாது."

"அப்ப பாவசங்கீர்த்தனம் எங்க சார் பண்றது?" என்று குடைக்கார அம்மாள் கேட்டார்.

"ரெண்டாவது சனிக்கிழமை, ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல. ஜெனரேட்டர் ஓடும்போது யாருக்கும் கேக்காது. அது ஒரு வசதி."

பெஞ்சுகளில் உட்காரக் கூடாது. முழங்காற்படியில் முழங்கால் படக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை, தரை ஓடுகளின் நலன் கருதி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. "கோயில் இவ்வளவு நல்ல நிலைமையில என்னைக்கும் இருந்ததில்ல" என்றார் செயலாளர். மதிப்பீட்டாளர் தலையாட்டி, பராமரிப்புக்கு முழு மதிப்பெண் போட்டார்.

மெக்கானிக்கின் கைபேசி அதிர்ந்தது. மனைவி.

"என்னங்க, கிளம்பியாச்சா?"

"டூர்ல இருக்கேன்."

"எங்க அம்மா சாகக் கிடக்கறாங்க. நீங்க டூர்ல இருக்கீங்க."

"அப்படி இல்லடி. ஃபாதர் பதினாலாவது ஸ்டாப். நான் இப்ப நாலாவதுல—"

பின்னால் மாமியாரின் குரல் மெல்லியதாக, ஆனால் தெளிவாகக் கேட்டது. "மாப்பிள்ளகிட்ட குடு போன." சரசரப்பு. "மாப்பிள்ள. மெதுவா வாங்க. நான் செத்தப்புறம் வந்தாலும் தப்பில்ல. என்ன, அதுக்கப்புறம் பூச மாட்டாங்களாம், அவ்வளவுதான்."

மெக்கானிக் கைபேசியைப் பையில் போட்டுவிட்டுச் செயலாளரிடம் போனார். "சார், நாலுலேர்ந்து நேரா பதினாலுக்குப் போக முடியாதா?"

செயலாளர் இந்தக் கேள்வியால் உண்மையிலேயே துன்பப்பட்டார். முப்பத்தோரு வருடத்தில் எந்த வண்டியையும் அவர் அப்படி அனுப்பியதில்லை. "ஒவ்வொரு கதவும் முந்தின கதவு பூட்டினப்புறம்தான் திறக்கும். நானே விரும்பினாலும் முடியாது" என்று சொல்லி, தன் விருப்பத்துக்கும் மேலான ஒன்று அங்கே இருப்பதன் பெருமிதத்தோடு சாவிக்கொத்தைக் குலுக்கினார்.

அடுத்தது துணி அறை. கண்ணாடி அலமாரிகளில் பீடத் துணிகள் அடுக்கியிருந்தன. ஓரங்களில் பின்னல், மடிப்பு ஒவ்வொன்றும் கத்திபோல. ஒரு மூலையில் இஸ்திரிப்பெட்டியும், விளிம்பு தேய்ந்த துவைகல்லும். அதன் மேல் ஓர் அட்டை: 'பெயர் தெரியாத எளிய பெண்களின் கைவண்ணம்.'

"இந்த வெண்மையப் பாருங்க" என்றார் செயலாளர். "எந்த சோப்பு, எந்தக் கஞ்சி, எப்படி மடிச்சாங்க, ஒண்ணும் தெரியல. ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து பாத்துட்டுப் போனாங்க. அந்தப் பெண்கள் யாருன்னே ஒரு குறிப்பும் இல்ல. காலம் அவங்கள விழுங்கிடுச்சு."

மெக்கானிக் அட்டையை இரண்டு தடவை படித்தார்.

"விழுங்கல சார். அது என் மாமியார்."

"கேள்விகள்—"

"முப்பது வருஷம் இந்தக் கல்லுலதான் துவைச்சாங்க. மரவள்ளிக் கஞ்சி. வெயில்ல காய விட மாட்டாங்க, நிழல்லதான். மடிக்கும்போது யாராவது பேசினா திட்டுவாங்க. ரெண்டு தெரு தள்ளிப் படுத்திருக்காங்க. ராத்திரி வரைக்கும் இருப்பாங்க. யார் யாருக்கு என்ன கேக்கணுமோ இப்பவே வந்து கேட்டுக்கலாம். சாமியாரையும் கையோட கூட்டிட்டு வந்தா—"

குடைக்கார அம்மாள் உட்பட எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் அட்டையைப் பார்த்தார். அது செப்புத் தகட்டில் பொறித்த அட்டை.

"வாய்மொழித் தகவல குழு ஏத்துக்கறதுக்கு ஒரு முறை இருக்கு" என்றார். "எழுத்துல குடுத்தா வர்ற செப்டம்பர் கூட்டத்துல வைப்போம்." விசில் ஊதினார். மூன்று மணி முப்பத்தெட்டு நிமிடம். அட்டவணையில் அவர்கள் ஒரு நிமிடம் பின்தங்கியிருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அந்த நிமிடத்தை மீட்டார்கள். அங்கே நூறு வருடத்துக்கு முன் செத்தவர்கள் மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தார்கள். பிறகு செத்தவர்கள் முன்பே புதைந்திருந்ததால் அவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்கள் பக்கம் செம்பருத்திச் செடிகள் வைத்து மறைத்திருந்தார்கள். புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. மெக்கானிக்கின் மாமனார் ஒரு செம்பருத்திக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. மாமியார் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'என் இடம்' என்றுதான் சொல்வார். அதில் இப்போது ஓர் அம்புக்குறி நட்டிருந்தார்கள்: 'கழிப்பறை.'

மெக்கானிக் அம்புக்குறியைப் படித்தார். தோள்பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

பதினோராவது நிறுத்தம் சாமியார்கள் தங்கும் வீட்டின் கீழ்த்தளத்துக் கூடம். வெல்வெட் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சாய்வு நாற்காலி. அதில் ஓய்வுபெற்ற பழைய சாமியார் உட்கார்ந்திருந்தார். வயது எண்பத்தாறு. மார்பில் ஓர் அட்டை: 'வாழும் நினைவு.' மற்ற நாட்களில் மாடி அறையில் இருப்பார். சுற்றுலா நாட்களில் கீழே இறக்கி வைப்பார்கள்.

மெக்கானிக்குக் கால்கள் தாமாக முன்னே போயின. இவரும் சாமியார்தானே.

"ஃபாதர், என் மாமியாருக்கு உடம்பு—"

"அவருக்குக் காது கேக்காது" என்றார் செயலாளர். "அதோட, கயிறுக்கு இந்தப் பக்கம் நில்லுங்க. நோயாளி சந்திப்பிலேர்ந்து அவருக்கு விலக்கு குடுத்தாச்சு. மரபுப் பட்டியல்ல ஏறினதுக்கப்புறம் வளாகத்த விட்டு வெளிய அனுப்பறதில்ல. ஏதாவது ஆச்சுன்னா மறுபடி கிடைக்காது." பிறகு பழைய சாமியாரின் கண்ணுக்கு முன்னால் இரண்டு விரலை ஆட்டினார். அது சைகை.

"நான் இங்கே நாற்பத்தாறு வருடம் பணி செய்தேன்" என்றார் பழைய சாமியார், எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கும் குரலில். "அது அருமையான காலம்."

கைதட்டினார்கள். மெக்கானிக் கைகளைக் குவித்து வாயருகே வைத்து இன்னொரு தடவை கூப்பிட்டார். பழைய சாமியார் அவரைப் பார்த்துக் கனிவாகச் சிரித்து, முழுவதும் தவறில்லாமல் மறுபடியும் சொன்னார்: "நான் இங்கே நாற்பத்தாறு வருடம் பணி செய்தேன். அது அருமையான காலம்."

வெளியே வந்தால் பன்னிரண்டாவது நிறுத்தம். மாடிக்குப் போகும் படிக்கட்டை ஒட்டி, சுவரில், தேங்காய் அளவில் ஒரு வெண்கல மணி. அதிலிருந்து ஒரு கயிறு தொங்கியது. கீழே கண்ணாடிப் பெட்டியில், பூசும் எண்ணெய் வைத்த ஒரு வெள்ளிச் சிமிழ். மணிக்கு மேல் பலகை: 'தொடாதீர்கள்.'

இங்கேதான் செயலாளரின் குரல் தழுதழுத்தது. குழுவின் பெருமையே இந்த மணிதான்.

"சாகற நிலைமைக்கு அந்தக் காலத்துல அவஸ்தைன்னு பேரு. வீட்ல ஒருத்தர் அவஸ்தையில இருந்தா, யாராச்சும் ஓடி வந்து இந்தக் கயித்த மூணு தடவை இழுக்கணும். அவ்வளவுதான். பேர் சொல்ல வேணாம், காரணம் சொல்ல வேணாம். உள்ள சாமியார் சாப்பிட்டுட்டு இருந்தாலும் சரி, தூங்கினாலும் சரி, எல்லாருக்கும் மேல இருக்கற ஆயரோடவே பேசிட்டு இருந்தாலும் சரி, கைய உதறிட்டு வந்துடணும். அப்ப இருந்த ஆயர் எழுதின ஆணை இது. நூத்தி அம்பது வருஷம் இந்த மணி ஒரு தடவகூட பதில் இல்லாமப் போனதில்ல." சற்று நிறுத்தி, எல்லோர் முகத்தையும் பார்த்தார். "அந்த ஆணைய இன்னைக்கு வரைக்கும் யாரும் ரத்து பண்ணல."

"மணி அடிக்குமா சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

இது கேள்விதான். ஆனாலும் செயலாளருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அருமையா அடிக்கும். போன மாசம்தான் புளி போட்டுத் தேய்ச்சோம். யாரும் தொடறதில்லங்கறதால புதுசு மாதிரி இருக்கு."

மெக்கானிக் பத்தொன்பது வருடமாக லிஃப்டுகளைப் பார்த்துவருபவர். ஒவ்வொரு லிஃப்டிலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்டவர் அழுத்துவதற்காக. அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அவர் கையெழுத்துப் போடுவார். 'அதத் தொடாதீங்க, சத்தம் போடும்' என்று சொன்ன கட்டடச் சொந்தக்காரர்கள் மூன்று பேரின் லிஃப்டை அவர் பூட்டி வைத்திருக்கிறார். அழைப்பு மணி ஒன்றின் மேல் தொடாதீர்கள் என்று எழுதியிருப்பதை அவருடைய தொழிலில் குற்றம் என்பார்கள்.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. கயிற்றைப் பிடித்து மூன்று தடவை இழுத்தார்.

மணி நன்றாகத்தான் இருந்தது. கல்லறைத் தோட்டத்துப் புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. பதினான்கு பார்வையாளர்களும், இது நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்து, பலமாகக் கைதட்டினார்கள். மதிப்பீட்டாளர் வேகமாக எழுதினார். செயலாளரின் வாயில் விசில் இருந்தது. ஊத மூச்சு வரவில்லை.

முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து பங்குத்தந்தை வந்தார். ஜரிகை அங்கி, காதிலிருந்து வாய்வரை வளைந்த ஒலிவாங்கி. தன் உரைக்கான நேரம் வந்துவிட்டது என்று அவர் எண்ணியிருந்தார். சற்று முன்கூட்டியே, ஆனால் மணியோசையோடு தொடங்குவது நல்ல யோசனைதான்.

"அன்பானவர்களே" என்றன முற்றத்தின் நான்கு மூலைகளிலும் இருந்த ஒலிபெருக்கிகள். "இந்த மணியின் ஓசை என்ன சொல்கிறது? எங்கே ஒரு மனிதன் தனியாகச் சாகிறானோ அங்கே நாங்கள் ஓடுவோம் என்கிறது!"

"ஃபாதர்" என்றார் மெக்கானிக். "என் மாமியார் சாகக் கிடக்கறாங்க. ரெண்டு தெரு. ஸ்கூட்டர் இருக்கு."

பங்குத்தந்தை ஒலிவாங்கியைக் கையால் மூடினார். சரியாக மூடவில்லை.

"தம்பி, உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா நீங்களும் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். ஒரு நோயாளியப் பாக்கப் போனா ஒரு ஆளத்தான் பாக்கறேன். இங்க நான் நோயாளிகளுக்கு நாம செஞ்ச தொண்டப் பத்திப் பேசினா எத்தனையோ பேருக்குப் போய்ச் சேருது. எது பெரிய தொண்டு? அதோட எண்ணெய் அந்தப் பெட்டில இருக்கு. ரெண்டு சாவி போட்டாத்தான் திறக்கும். ஒண்ணு பொருளாளர்கிட்ட. அவர் கல்யாணத்துக்குப் போயிருக்காரு. ஆபீஸ்ல அட்ரஸ் குடுத்துட்டுப் போங்க. திங்கக்கிழமை கண்டிப்பா ஜெபத்துல வெப்பேன்."

இது முழுவதும் நான்கு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. குடைக்கார அம்மாள் மட்டும் கைதட்டுவதை நிறுத்தியிருந்தார்.

அப்போது அவர்களுக்குப் பின்னால், திறந்திருந்த கூடத்தில், ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

மனிதக் குரல்களை வெகுநாள் முன்பே விட்டுவிட்ட பழைய சாமியாரின் காது, அந்த ஒரு சத்தத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது போலிருக்கிறது. அவர் எழுந்து நின்றிருந்தார். கைத்தடியால் வெல்வெட் கயிற்றைத் தூக்கி அடியில் நுழைந்தார். மார்பிலிருந்த அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். பக்கப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்; கட்டைவிரல் அளவிலான சிமிழ் ஒன்று அங்கே இருந்தது, குழுவின் பட்டியலில் வராதது.

"ஃபாதர், நீங்க பதினொண்ணு" என்று செயலாளர் கத்தினார். "இது பன்னெண்டு."

பழைய சாமியார் அவரைத் தாண்டி வந்து, கயிற்றை இன்னும் பிடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். "யார் வீடு?" என்றார்.

அவர்கள் வெளியேறும் வழியாக வெளியேறினார்கள். செயலாளர் முற்றத்தின் பாதிவரை பின்னால் ஓடிவந்தார். "அந்த ஸ்டிக்கரையாச்சும் குடுத்துட்டுப் போங்க சார்." மெக்கானிக் உரித்துக் கொடுத்தார். அது அலுவலகப் பெண்ணின் புடவையில் ஒட்டப்பட்டு, எண்ணிக்கை மறுபடி பதினைந்தானது.

ஸ்கூட்டரில் மெக்கானிக் தலையைத் திருப்பி, பழைய சாமியாருக்கு உதடு தெரியும்படி கத்தினார். "துணி துவைச்சவங்க, ஃபாதர். பீடத் துணி."

"அவளா?" பழைய சாமியார் சற்று யோசித்தார். "என்னோட கறுப்பு அங்கிக்கு பட்டன் தெச்சுத் தரேன்னு எடுத்துட்டுப் போனா. பத்தொன்பது வருஷம் ஆச்சு. இன்னும் வரல."

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலுக்கு அருகில் குனிந்து அவர் கேட்டதும் அதைத்தான். மாமியார் கண்ணைத் திறந்தார். குரல் ஏறக்குறைய இல்லை. ஆனாலும் பழைய சாமியார் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"பட்டன் அன்னைக்கே தெச்சாச்சு சாமி. அலமாரில ரெண்டாவது தட்டு. நீங்கதான் வந்து வாங்கல."

மகள் அலமாரியைத் திறந்தாள். அங்கி இருந்தது, கத்திபோல மடித்து. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் பழைய சாமியார் சிமிழைத் திறந்தார். நெற்றியிலும் கைகளிலும் பூசினார். சோப்பிலும் கஞ்சியிலும் முப்பது வருடம் ஊறிய கைகள், ரேகைகள் இல்லை. எல்லாம் முடிந்ததும் மாமியார் மருமகனைத் தேடிப் பார்த்தார்.

"மாப்பிள்ள" என்றார். "அந்த மிக்ஸி."

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு இறந்தார். மெக்கானிக் அப்போது சமையலறையில் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரத்தில் பட்டயம் வந்தது. மதிப்பீட்டாளரின் அறிக்கை, 'அவஸ்தை மணி அடிக்கும் காட்சியை, தொழிலாளி வேடமணிந்த தன்னார்வலர் ஒருவர் உருக்கமாக நடித்துக்காட்டினார்' என்று பாராட்டி, அதற்குப் பத்துக்குப் பத்து வழங்கியிருந்தது. பதினோராவது நிறுத்தம் சுற்றுலா முடியும்வரை காலியாகக் கிடந்ததற்கு நான்கு மதிப்பெண் குறைத்திருந்தது. குழு அவசரமாகக் கூடி, இப்படி இன்னொரு தடவை நடக்காதிருக்க, மணியின் நாக்கைக் கழற்றிப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்தது. மணிக்கும் நாக்குக்கும் தனித்தனி விளக்க அட்டைகள்.

முப்பதாம் நாள் பூசைக்கு மெக்கானிக் வந்தார். பூசை விளையாட்டுக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நடந்தது. முடிந்ததும் முற்றத்துக்குப் போய், படிக்கட்டுக்குப் பக்கத்தில் மணியைப் பார்த்தார். கயிற்றை ஒருமுறை இழுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஆச்சரியப்படவில்லை, தினமும் பார்க்கிற பழுதுதான். தோள்பையைத் திறந்து தகரப் பலகையை எடுத்தார். இயங்காததன் மேல் அதை மாட்டிவிட்டுப் போவது அவருடைய தொழிலில் முதல் விதி. மணியின் கொக்கியிலேயே மாட்டினார். சிவப்பு எழுத்தில் அதில் எழுதியிருந்தது:

'பழுது. படிகளைப் பயன்படுத்தவும்.'

படிகளுக்கு மேலேதான் பழைய சாமியாரின் அறை. இப்போதெல்லாம் சுற்றுலா நாட்களிலும் அவர் கீழே இறங்குவதில்லை; நாற்காலியில் அட்டை மட்டும் இருக்கும்.

செயலாளர் பலகையை மறுநாளே கவனித்தார். ஆனால் பட்டயம் வந்த பிறகு வளாகத்தில் எதையும் அகற்ற ஆயரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். விண்ணப்பம் போயிருக்கிறது. அதுவரை அதற்கும் ஓர் எண் கொடுத்து, கீழே வட்டக் காகிதம் ஒட்டி, பாதுகாப்புக்கு வெல்வெட் கயிறு கட்டியிருக்கிறார்கள். அது பதினைந்தாவது நிறுத்தம்.

சனிக்கிழமைகளில் செயலாளர் கூட்டத்தோடு அங்கே வந்து நின்று விளக்கும்போது, சில சமயம் யாராவது ஒருவர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவருகிறார். மணியைப் பார்க்கிறார், பலகையைப் படிக்கிறார், இரண்டிரண்டு படியாக மேலே ஏறிப் போகிறார். செயலாளர் பேச்சை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்து, வழிவிட்டு ஒதுங்கி நிற்கச் சொல்கிறார்.

"கண்டுக்காதீங்க" என்கிறார் பார்வையாளர்களிடம். "அவங்க டூர்ல வந்தவங்க இல்ல."